கேழ்வரகுப் பை

அக்கா,

பேரனுக்குக் கஞ்சி மாவு அரைக்க வேண்டுமென்று மருமகள் கேழ்வரகை ஊறவைத்து, வடித்து, வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டி வைத்திருந்தாள். இன்று காலை பிரித்துப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று நீர் தெளித்து மறுபடி கட்டி என்னிடம் நீட்டினாள். "அத்தே, இத அந்த ஆணியில மாட்டிடுங்க. எனக்கு எட்டல." வாங்கினேன். ஈரத் துணி, உள்ளே நறநறவென்று மணி. முளைவிட்ட கேழ்வரகுக்கு மண்ணும் புளிப்புமாக ஒரு மணம் உண்டே, அது மூக்கில் ஏறியதும் அடுப்படியில் நின்றபடியே எனக்குக் காதுமடல் சுட்டது. மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னா அத்தே, ஒடம்புக்கு ஆவலயா?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன்.

ஒண்ணுமில்ல. அது என் சொல்லே இல்லை, உன்னுடையது. வாயிலிருந்து விழுந்ததுமே நீ காக்கிச் சேலையோடு எதிரில் வந்து நின்றுவிட்டாய். மூட்டையை மாட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வெட்கப்படுகிற வயசெல்லாம் தாண்டிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன், ஐம்பது நெருங்குகிறது, பேரன் தவழ்கிறான். ஆனால் வெட்கம் வயசு கேட்டுக்கொண்டா வருகிறது? நீ போய் வருஷம் திரும்பவில்லை. உன்னிடம் பேச வேண்டும்போல் இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

நமக்குள் பழக்கம் உண்டானது மில் கேட்டில். சுரங்கத்திலிருந்து ஏறிவரும் கல்லை அரைத்துத் தங்கம் பிரிக்கிற மில், அதன் மதிலுக்குள்ளேயே கேன்டீன், அங்கே எனக்குச் சமையல் வேலை. சாம்பார் அண்டாவுக்கும் தங்கத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் மதிலுக்குள் போன யாரும் சோதனை இல்லாமல் வெளியே வர முடியாது. ஆண்களின் வரிசை தனியாக நிற்கும். பெண்களுக்குத் தகரக் கூரை போட்ட ஒரு செக்கிங் ரூம். அதற்குள் ஒரு மேஜையும் நீயும். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கோத்துக்கொண்டு நிற்க வேண்டும். கொண்டையை அழுத்துவாய், அக்குளில் கை விடுவாய், மார்பு, இடுப்பு, கொசுவம், கடைசியில் செருப்பு. முடிந்ததும் முகத்தைப் பார்க்காமல் "ஒண்ணுமில்ல, போ" என்பாய். நம் ஊரில் பகையாளியைக்கூட "போயிட்டு வா" என்றுதான் அனுப்புவார்கள். நீ ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

உன்னைக் கண்டால் எங்களுக்கு ஆகாது என்பது உனக்கே தெரியும். கழுகு என்று பேர் வைத்திருந்தோம். பெருக்குகிறவள், பாத்திரம் தேய்க்கிறவள், ஆபீசில் டைப் அடிக்கிறவள் என்று ஒருத்தியையும் நீ விட்டதில்லை. "இவ கை படாத பொம்பள இந்த ஊர்ல கீறாளா?" என்று வரிசையில் நின்று முணுமுணுப்போம். உன் காதில் விழட்டும் என்றுதான் முணுமுணுத்தோம்.

அப்போதுதான் எனக்கு இடது மார்பில் கட்டி வந்தது. பெங்களூருக்குப் போய் மார்பை எடுத்தார்கள், ஊசி மருந்து ஏற்றினார்கள், பிறகு கரண்ட் என்று சொல்கிற கதிர்வீச்சு வைத்தார்கள். கேன்டீனில் நான் உண்மையைச் சொல்லவில்லை. சில வருஷம் முன்னால் கர்ப்பப்பை எடுத்தவள் ஆனதால், அதே வயிற்றில் மறுபடி ஆபரேஷன் என்று சொல்லிவைத்தேன். வயிறு என்றால் யாரும் மேலே கேட்பதில்லை. மார்பு என்றால் சொல்கிறவளுக்கும் வாய் வராது, கேட்கிறவளுக்கும் கண் வேறெங்கோ போகும். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான பாலகாட் லைனில் எங்கள் வீடு ஒற்றை அறை, பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் மூங்கில் தட்டி. அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் தண்ணீர் கொடுக்கலாம். அப்படிப்பட்ட வீட்டில் ஆறு மாதம் ஒரு புண்ணை ஒளித்து வளர்த்தேன். துணி மாற்றுவதுகூட விளக்கை அணைத்துவிட்டுத்தான்.

வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள் வந்தது. பாடிக்குள் இடது பக்கம் பஞ்சு வைத்துப் பார்த்தேன். பஞ்சுக்குக் கனமில்லை, நடக்க நடக்க மேலேறிக் கழுத்துக்குக் கீழே வந்து நிற்கும். கனமாக என்ன வைக்கலாம் என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். பூதிகோட்டையிலிருந்து வந்த கேழ்வரகு டின்னில் இருந்தது. வீட்டுக்காரருடைய பழைய பனியனை வெட்டிப் பை தைத்து, கேழ்வரகைக் கொட்டி, வாயைத் தைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் அச்சு அசல். எனக்கே ஒரு பெருமை.

கேன்டீனில் அன்று முழுக்க யாருக்கும் சந்தேகம் வரவில்லை. உன்னை மட்டும் மறந்துவிட்டேன். தினமும் மில் கேட்டைத் தாண்டுகிற பெண்ணாக இருந்துகொண்டு, உள்ளங்கைக்கு நறநறக்கிற ஒன்றைத் துணியில் தைத்து மார்பில் வைத்துக்கொண்டு, செக்கிங் ரூமுக்குள் போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தங்கம் கலந்த கல்தூளை அப்படித்தான் தைத்துக் கடத்துவார்கள் என்பது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

உன் கை இடது பக்கம் வந்தது, நின்றது. அழுத்தினாய். மறுபடியும் அழுத்தினாய். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாய்.

"இன்னாடி வச்சிக்கினு கீற?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லன்றத நான் சொல்லணும், நீ சொல்லக் கூடாது. அவுத்துக் காட்டு."

நான் அசையவில்லை. உன் இன்னொரு கை கழுத்தில் தொங்கிய விசிலுக்குப் போனது. வெளியே இன்ஸ்பெக்டர் நிற்கிறார், விசில் ஊதினால் உள்ளே வருவார். அந்த நேரத்தில் என் மனசில் ஓடியதை உன்னிடம்கூட நான் சொன்னதில்லை அக்கா. திருடி என்றே பேர் வரட்டும், கல்தூள்தான் என்று ஒப்புக்கொண்டுவிடலாம் என்று நினைத்தேன். திருட்டை ஒப்புக்கொள்ளத் தயாராக இருந்தேன், மார்பில்லை என்று ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை. இன்று யோசித்தால் அதுதான் எல்லாவற்றையும்விடக் கூச வைக்கிறது.

நீயே ஊக்கைக் கழற்றி, பையை உருவி, பல்லால் தையலைக் கடித்துப் பிரித்து மேஜைமேல் கொட்டினாய். சிவப்புச் சிவப்பாகக் கேழ்வரகு. ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தாய், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாய். திறந்த ஜாக்கெட்டோடு, இரண்டு கையாலும் மறைக்கத் தெரியாமல் நின்றேன். மறைக்க அங்கே என்ன இருக்கிறது? நடு நெஞ்சிலிருந்து அக்குள்வரை தழும்பு, கரண்ட் வைத்துக் கருத்த தோல்.

வெளியே வரிசையில் நின்றவள் ஒருத்தி கத்தினாள். "இன்னாக்கா, உள்ள பிரசவமா நடக்குது?"

"சும்னிருங்கடி! பொடவையில ஊக்கு மாட்டிக்கிச்சி!" என்று நீ திருப்பிக் கத்தினாய்.

மேஜைமேல் கிடந்ததைக் கைவிளிம்பால் கூட்டி, ஒரு மணி விடாமல் பையில் போட்டாய். உன் சேலையில் இருந்த ஊக்கை எடுத்து அதன் வாயைக் குத்தி மூடினாய். சந்தேகமாக எது கிடைத்தாலும் இன்ஸ்பெக்டரிடம் சொல்ல வேண்டும் என்பது உன் வேலையின் முதல் சட்டம். வெளியே போய், "ஒண்ணுமில்ல சார்" என்று சொன்னாய். என்னிடம், "போ" என்றாய். வழக்கமான அதே குரல்தான்.

மறுநாள் உன் முன்னால் எப்படிப் போய் நிற்பது என்று வரிசையில் கடைசியாக ஒதுங்கி நின்றேன். நீயானால் ஒன்றுமே நடக்காதது போல, "கை தூக்கு" என்றாய். வலது கை போனது. இடது கை தோளோடு நின்றுவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு அது அவ்வளவுதான் ஏறும். சுவரில் விரலால் ஏறுகிற மாதிரி தினமும் பழக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒற்றை அறையில் எல்லார் எதிரிலும் சுவர் ஏறிக்கொண்டிருக்க எனக்குக் கூச்சம், அதனால் விட்டுவிட்டேன்.

"ரெண்டு கையும் மேல போவணும். ரூல்."

"வலிக்குதுக்கா."

"வலிச்சா இன்னா, ரூல் மாறுமா? தூக்கு."

இரக்கம் காட்டியிருந்தால் அழுதிருப்பேன். நீ ரூல் பேசினாய். ஒவ்வொரு நாளும் முழங்கையைப் பிடித்து ஒரு விரற்கடை மேலே தள்ளுவாய். மாரியம்மன் திருவிழா வருவதற்குள் என் கை காதைத் தொட்டது. எனக்கு மட்டும் அதிக நேரம் ஆவதைப் பார்த்து மற்றவர்கள், "ஒன் மேல அவளுக்கு இன்னாடி காண்டு?" என்று பரிதாபப்பட்டார்கள். உன்னிடம் வந்து சொன்னேன். "நல்லதாப் போச்சி. காண்டுன்னே நெனச்சிக்கட்டும்" என்றாய்.

கோடை வந்தது. அண்டா அடுப்பு முன்னால் நின்று வேர்த்துக் கொட்டுவேன். ஒரு நாள் நீ கை வைத்தவள் மூக்கைச் சுளித்தாய். பையை எடுத்தாய். பனியன் துணியைத் துளைத்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. நீ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "அடிப்பாவி, மாருல வெள்ளாம வச்சிக்கீறியேடி!" எனக்கோ அழுகை. நீ சிரிப்பதைப் பார்த்து அழுதுகொண்டே சிரித்தேன். கேழ்வரகுதான் முளைக்கும், கடுகு முளைக்காது, கடுகு போடு என்று யோசனையும் சொன்னாய். அடுத்த வாரம் கடுகும் முளைத்தது. நீ சொல்கிற வைத்தியம் ஒன்றாவது பலித்திருக்கிறதா அக்கா?

கடுகு முளைத்த அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னேன். "பெங்களூர்ல புதுசா மாரு வச்சித் தராங்களாம்க்கா. அங்க ஒரு டாக்டரம்மா சொன்னாங்க." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். சுரங்கத்தை மூடப் போகிறார்கள் என்று ஊரே கொடி பிடித்து நின்ற காலம் அது. சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். வேலை போனால் எங்கே போவது என்று வீட்டுக்கு வீடு பேச்சு. நான் மட்டும் எனக்கு ஒரு மார்பு வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மூத்த பையனுக்குப் பெண் பார்க்கிற வயதில் இருக்கிறவள். உயிர் பிழைத்ததே பெரிது என்று சாமிக்கு விழுந்து கும்பிட வேண்டியவள். ஆசைப்பட்டேன் என்பதுதான் நோயைவிட எனக்கு அவமானமாக இருந்தது.

அவரைக் கூட்டிக்கொண்டு பெங்களூர் போனேன். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. கெட்டவர் இல்லை, எனக்கு வெட்கம் என்றால் அவருக்கு அதைவிட வெட்கம். டாக்டரம்மா கன்னடக்காரர், எங்களுக்காகத் தமிழில் தட்டித் தடுமாறிப் பேசுவார். "நோடியம்மா, நாலு தாரி இருக்கு" என்று தொடங்கினார். நோடி என்றால் பாருங்கள், தாரி என்றால் வழி.

முதல் வழி, தோலுக்கடியில் வைக்கிற பை. சிலிகோன் பை ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார், வேகாத கொழுக்கட்டைபோல் குழைந்தது. வீட்டுக்காரர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். எனக்குக் கரண்ட் வைத்துத் தோல் இறுகியிருப்பதால் பை மட்டும் வைத்தால் கல்லாகிவிடலாம், காயம் பிரியலாம், தான் அதைச் செய்துகொள்ளச் சொல்லமாட்டேன் என்றார் டாக்டரம்மா. இரண்டாவது வயிற்றுச் சதை. என் வயிற்றில் இருந்த பழைய நெடுந்தழும்பைப் பார்த்ததும் தலையை ஆட்டினார், ரத்த ஓட்டம் சரிவராதாம். மூன்றாவது முதுகு. தோள்பட்டைக்குக் கீழே இருக்கிற தசையைத் தோலோடு எடுத்து, ரத்தக்குழாயை அறுக்காமல் அக்குள் வழியாக முன்னால் கொண்டுவந்து வைப்பது. வலதைவிடச் சின்னதாகத்தான் இருக்கும், காம்பு இருக்காது, இடது கை சில மாதம் பலமில்லாமல் போகும், பாரம் தூக்கக் கூடாது. "நாலாவது, ஒண்ணும் பண்ணாம இருக்கறது. அதுவும் ஒரு தாரிதான். வெளிய வைக்கற நல்ல பை கிடைக்கும். யோசிச்சு வாங்க, அவசரமில்ல."

அப்போது வீட்டுக்காரர் சன்னலிலிருந்து திரும்பினார். "எடுத்த எடம் இன்னாவும்?" என்று கேட்டார்.

சுரங்கத்தில் அவருக்கு மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. கல்லை வெட்டி எடுத்த பிறகு அந்த இடம் இடியாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர் அவர். டாக்டரம்மா ஒரு தாளில் முதுகு வரைந்து காட்டினார். தைத்துவிடுவோம், ஒரு கோடு மாதிரி தழும்பு இருக்கும், மற்ற தசைகள் அந்த வேலையைப் பழகிக்கொள்ளும், கொஞ்ச நாள் அங்கே நீர் சேரும், ஊசியில் எடுத்துவிடலாம் என்றார். நீர் சேரும் என்றதும் இவர் தலையாட்டினார். வெட்டின இடத்தில் தண்ணீர் சேரும் என்பது அவருக்குத் தெரிந்த சங்கதி. திரும்பும்போது பங்காருப்பேட்டையில் வண்டி மாறி உட்கார்ந்த பிறகு, "நான் கேட்டது தப்பா?" என்றார். "இல்ல" என்றேன். அவ்வளவுதான் நாங்கள் பேசியது.

மிச்சத்தையெல்லாம் உன்னிடம்தான் பேசினேன். ஒளித்துவைத்ததைக் கண்டுபிடிப்பதற்காகக் கட்டின அறை அது. இந்த ஊரில் நான் ஒளிவு மறைவில்லாமல் நிற்க முடிந்த இடமும் அது ஒன்றுதான். நீ தடவி முடிக்கிற நேரத்துக்குள் பேச வேண்டும், ஆகவே ஒரு நாளைக்கு ஒரு வழி. பை என்று சொன்ன அன்று, "படுத்தா வெடிச்சிக்கினா?" என்றாய். வயிறு என்று சொன்ன அன்று உனக்கு ஒரே குஷி. "அதான்டி நல்லது! தொப்பையும் கொறையும்." அது எனக்கு ஆகாது என்றதும் டாக்டரம்மாவைத் திட்டினாய். முதுகு என்று சொன்ன அன்று உன் முகம் மாறிவிட்டது.

"வேணாம். நான் மேல ஏத்துன கை அது. மறுபடி கீழ வந்துடும். அண்டா தூக்கறவ நீ, கை போனா சோறு போச்சி."

"எனக்கு வேணும்க்கா."

"யாருக்கு? ஒன் வூட்டுக்காரருக்கா?"

"அவரு கேக்கவே இல்ல."

"பின்ன இன்னாத்துக்கு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தெரியலக்கா. தினமும் இத எடுத்து ஒன் மேஜைல வச்சிட்டு நிக்கறது எனக்கு எப்படி கீதுன்னு ஒனக்குத் தெரியாது. குனிஞ்சா நழுவுது, வேர்த்தா நாறுது. எது என்னுது எது இல்லன்னு பயந்துக்கினே நடக்கறேன். இந்த வயசுல யாரு பாக்கப் போறாங்கன்னு நீயும் சொல்லிடு. எல்லாரும் அதத்தான சொல்லுவாங்க."

நீ என் ஜாக்கெட்டின் ஊக்கை ஒவ்வொன்றாக மாட்டிவிட்டாய். அதுவரை நீ அப்படிச் செய்ததில்லை.

"நான் பாக்கறேனேடி" என்றாய். "தினமும் நாந்தான பாக்கறேன்."

கதவைத் திறக்கப் போனவள் திரும்பினாய். "முதுகே எடுத்துக்க. கைய நான் பாத்துக்கறேன்."

நம்பினேன். உன் கடுகு முளைத்ததை மறந்துவிட்டு, அந்த ஒரு சொல்லை நம்பி ஆபரேஷன் டேபிளில் படுத்தேன்.

விழித்தபோது முதலில் முதுகுதான் வலித்தது. டாக்டரம்மா சொன்னதுபோலவே நீர் சேர்ந்தது, ஊசியில் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து கட்டுப் பிரித்த பிறகு முதன்முதலாக அவர் என் அருகில் உட்கார்ந்தார். தேங்காய் எண்ணெய்க் கிண்ணம் கையில். "திரும்பு" என்றார். எடுத்த இடத்தில் மெல்லத் தடவினார், தினமும் தடவினார். முன்பக்கத்தை அவர் இன்றுவரை சரியாகப் பார்த்திருக்கிறாரா, தெரியாது. முதுகை மட்டும் அவருக்கு மனப்பாடம்.

மறுபடி வேலைக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? காய் நறுக்குகிற வேலைக்கு என்னை மாற்றியிருந்தார்கள். வேலை முடிந்து கேட்டுக்கு வந்தேன். பையில்லாமல் வருகிறேன், ஆனாலும் எதையோ கடத்திக்கொண்டு வருவது போலத்தான் இருந்தது. நீ கதவைச் சாத்தினாய். "கை தூக்கு." தூக்கினேன். இடது கை தோளுக்கு வந்ததும், முதுகிலிருந்து வந்த அந்தத் தசை பழைய பழக்கத்தை மறக்காமல் முன்னால் துடித்தது. ஜாக்கெட்டுக்குள் ஒரு துள்ளு. நீ பின்வாங்கிவிட்டாய்.

"இன்னாடி இது?"

"கை தூக்குனா அப்படித்தான்க்கா ஆடும். டாக்டரம்மா சொன்னாங்க."

"மறுபடி தூக்கு."

தூக்கினேன். துள்ளியது.

"அய்ய, சலாம் போடுதுடி எனக்கு!"

அப்படிச் சிரித்தாய். இன்ஸ்பெக்டரே வெளியிலிருந்து, "என்னம்மா அங்கே?" என்று குரல் கொடுத்தார். எனக்கு மானம் போனது. ஆனாலும் சிரிப்பு வந்தது. நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு கை வைத்தாய். மற்றவர்களை எப்படிச் சோதிப்பாயோ அப்படி, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தாய். "ஒன்னுதுதான். ஒண்ணுமில்ல, போ."

அதற்குப் பிறகு வெட்கம் போய்விட்டது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். போகவில்லை. முன்னால் ஒட்டியிருக்கிற தோல் முதுகின் நிறம், வேறு யாருடையதோ போல வெறுமையாக இருக்கிறது. காம்பு பிறகு வைத்துத் தரலாம் என்றார்கள், நான் போகவில்லை. கல்யாண வீடுகளில் பெண்கள் கூட்டமாகச் சேலை மாற்றினால் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். ஆனால் கை ஏறியது. நீ சொன்னபடி முழங்கையைப் பிடித்து மறுபடி ஒவ்வொரு விரற்கடையாக ஏற்றினாய். கடைசியில் தலைக்குமேல் கோத்துக்கொண்டு நின்றேன்.

சுரங்கத்தை மூடினார்கள். கேன்டீன் அடுப்பு அணைந்தது. மகன் வேலைக்காகத் தினமும் பெங்களூர் ரயிலுக்கு ஓடத் தொடங்கினான். கணக்கு முடிக்க மில்லுக்குப் போனபோது கேட்டில் யாரும் இல்லை, செக்கிங் ரூம் கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. என் கை தானாகத் தலைக்குமேல் போனது. பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

சில வாரத்தில் உனக்கு நெஞ்சுவலி என்றார்கள். நான் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் வீட்டில், புத்தர் படத்துக்கு முன்னால் உன்னை வெள்ளைச் சேலையில் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்ட வேண்டும். உனக்குப் பெண் பிள்ளை இல்லை, உறவுக்காரப் பெண்கள் வந்து சேரவில்லை. தெருப் பெண்கள் நின்றார்கள், ஒருத்தியும் முன்னால் வரவில்லை. எல்லாரும் உன் கை பட்டவர்கள். "நம்மள எல்லாம் தடவுனவ" என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னது கேட்டது. "நீ இன்னா வேணும் அவுங்களுக்கு?" என்று என்னைக் கேட்டார்கள். சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமே. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன்.

சேலையைச் சுற்றிப் பிடித்து மறைத்தார்கள். உன் கொண்டையை அவிழ்த்தேன். கையைத் தூக்கி அக்குளில் தண்ணீர் விட்டேன். ஊரையே சோதித்த உன்னை யாராவது இப்படித் தொட்டிருப்பார்களா என்று நினைத்தேன். என் கை கேட்காமலேயே உன் மார்பைத் தடவிப் பார்த்தது. கட்டி ஏதாவது இருக்குமோ, சொல்லாமல் வைத்திருந்தாயோ என்று பயம். இரண்டு பக்கமும் பார்த்தேன். இல்லை. சாவு வீட்டில் "போயிட்டு வரேன்" என்று சொல்லக் கூடாது, "போயிட்டு வா" என்றும் சொல்ல முடியாது. உன் காதோரம் குனிந்தேன்.

"ஒண்ணுமில்லக்கா. போ."

கடைசிக் குடத்தை ஊற்ற எழுந்து கையைத் தூக்கினேன். ஜாக்கெட்டுக்குள் துள்ளியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அக்கா. சாவு வீட்டில், பிணத்துக்கு முன்னால், வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சுற்றி நின்றவர்கள் முகம் போன போக்கு! அந்த அவமானம் இன்னும் தீரவில்லை. பிறகு அழுத அழுகையை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, சிரித்ததைத்தான் தெருவே பேசியது.

மருமகள் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "இன்னா அத்தே, மூட்டைய இன்னும் மாட்டலயா?" மடியெல்லாம் ஈரம், அந்த மணம். எழுந்து போனேன். ஆணி உயரத்தில் இருந்தது. வலது கையால் மாட்டியிருக்கலாம். இடது கையால்தான் தூக்கினேன், தலைக்குமேல், நீ ஏற்றிவிட்ட உயரத்துக்கு. சலாம் போட்டது. மருமகள் பார்த்துவிட்டாளோ என்று சட்டென்று முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன்.